வாய் பேசும்... காது திருத்தும்!

"ஓரெண்டு ரெண்டு... ஈரெண்டு நாலு..."

மொத்த வகுப்பும் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்கிறது. கடைசி பெஞ்சில் இருக்கும் பையனும் சேர்ந்து சொல்கிறான். ஒரு தடுமாற்றமும் இல்லை.

சற்று நேரம் கழித்து ஆசிரியர் அவனை மட்டும் எழுப்புகிறார். "நீ மூணாம் வாய்ப்பாடு சொல்லு!"

"ஓ... ஓ... ஓ..."

அதற்கு மேல் வரவில்லை. முகம் சிவக்கிறது. கண்களை இறுக மூடிக்கொள்கிறான். வகுப்பே சிரிக்கிறது. முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இப்பத்தான் எல்லார் கூடவும் நல்லா சொன்னான். சும்மா நடிக்கிறான் சார்!"

குட்டீஸ், இப்படி ஒரு நண்பன் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். எல்லாரோடும் சேர்ந்து சொல்லும்போது வருகிறது. தனியாகச் சொன்னால் திக்குகிறது. அப்படியானால் அவன் நடிக்கிறானா?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், நாம் பேசும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கவே சில விஞ்ஞானிகள் வாழ்நாள் முழுவதும் உழைக்கிறார்கள். வாங்க, அவர்களுடைய ஆய்வுக்கூடத்துக்குள் போய் வருவோம்!

ஒரு வணக்கத்துக்கு எத்தனை வேலை?

தொண்டையின் நடுவில் விரலை வையுங்கள். "ம்ம்ம்ம்" என்று நீட்டிச் சொல்லுங்கள். விரலில் அதிர்வு தெரிகிறதா? இப்போது "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று சொல்லுங்கள். அதிர்வு காணாமல் போய்விட்டதே!

அங்கேதான் குரல்வளை இருக்கிறது. அதற்குள் இரண்டு சின்னத் தசை மடிப்புகள். அவற்றைக் குரல் நாண்கள் என்கிறோம். பெரியவர்களுக்கே அவை ஓர் அங்குல நீளம்கூட இருக்காது. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றின் இடையே புகும்போது அவை படபடவென்று மோதி அதிர்கின்றன. ஆண்களுக்கு ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 100 முதல் 125 முறை. பெண்களுக்கு 200 முறை. உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு 250 முறைக்கும் மேல்! அதனால்தான் உங்கள் குரல் கீச்சென்று இருக்கிறது.

இப்போது "வணக்கம்" என்று சொல்லிப் பாருங்கள். "வ" சொல்லக் கீழுதடு மேல்பல் பக்கம் போகிறது. "ண" சொல்ல நாக்கு நுனி வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. "க்க" சொல்ல நாக்கின் பின்பகுதி எழும்பி வழியை அடைக்கிறது. அந்த நொடியில் குரல் நாண்கள் அதிர்வதை நிறுத்திவிட்டு, உடனே மறுபடியும் தொடங்குகின்றன. கடைசி "ம்" சொல்ல உதடுகள் மூடுகின்றன. காற்று மூக்கு வழியாக வெளியேறுகிறது.

இத்தனையும் ஒரு வினாடிக்குள்! மார்பு, தொண்டை, நாக்கு, தாடை, உதடு என்று பல இடங்களில் இருக்கும் தசைகள், ஒன்று முந்தாமல் ஒன்று பிந்தாமல் வேலை செய்தால்தான் ஒரு வணக்கம் கிடைக்கும். இவை எல்லாவற்றுக்கும் கட்டளை போடுவது மூளை. எப்படிக் கட்டளை போடுகிறது, எங்கே தப்பு நேர்கிறது என்று ஆராயும் துறைக்குப் "பேச்சு இயக்கக் கட்டுப்பாடு" என்று பெயர்.

நடிப்பைக் கண்டுபிடித்த டாக்டர்

பிரான்ஸ் நாட்டில் எத்தியேன் லொம்பார் என்று ஒரு காது மருத்துவர் இருந்தார். ஒரு விஷயத்தை அவர் கவனித்தார். பேசிக்கொண்டிருப்பவரின் காதில் இரைச்சலைக் கேட்க வைத்தால், அவர் தன்னை அறியாமலேயே உரக்கப் பேசுகிறார்! இரைச்சலை நிறுத்தினால் குரலும் தணிந்துவிடுகிறது. இதை 1911-ம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். இன்றும் இதற்கு "லொம்பார் விளைவு" என்றுதான் பெயர்.

இதை வைத்து ஒரு வேடிக்கையும் செய்ய முடிந்தது. "எனக்குக் காதே கேட்காது" என்று பொய் சொல்பவரை எதையாவது படிக்கச் சொல்லி, காதில் இரைச்சலைப் போட வேண்டியதுதான். குரல் உயர்ந்தால் அவருக்குக் காது கேட்கிறது என்று அர்த்தம். ஆசாமி மாட்டிக்கொண்டார்!

நீங்களும் செய்து பாருங்கள்: நண்பனின் காதில் ஹெட்போனை மாட்டி, அளவான சத்தத்தில் பாட்டு போடுங்கள். பாடப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள். குரல் உயர்கிறதா என்று கவனியுங்கள். சத்தத்தை அதிகமாக வைக்காதீர்கள், காதுக்குக் கெடுதல்.

ஆக, நாம் பேசும்போது காது சும்மா இருப்பதில்லை. "சத்தம் போதவில்லை, கூட்டு!" என்று வாய்க்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

அந்தத் தகவல் தாமதமாக வந்தால்? 1950-ம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த பெர்னார்ட் லீ அதைச் சோதித்தார். பேசுபவரின் குரலைக் கொஞ்சம் தாமதப்படுத்தி அவர் காதிலேயே கேட்க வைத்தார். சரளமாகப் பேசுகிறவர்கள்கூடத் தடுமாறினார்கள், இழுத்தார்கள், ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் போதும், பேச்சு குழம்பிவிடும். செல்போனில் பேசும்போது உங்கள் குரலே எதிரொலித்துத் திரும்பக் கேட்டால் பேச வராமல் திணறுவீர்களே, அதே கதைதான்.

மாணவர் செய்த தந்திரம்

அடுத்த கதையின் நாயகர் பெரிய பேராசிரியர் அல்ல. அவரும் ஒரு மாணவர்தான்! பெயர் ஜான் ஹவுட். 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். அவருக்கு வழிகாட்டிய பேராசிரியர் மைக்கேல் ஜோர்டான். கூடைப்பந்து வீரர் இல்லை குட்டீஸ், அதே பெயர் கொண்ட விஞ்ஞானி!

காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டும் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பந்து எறிந்தால் என்ன ஆகும்? முதலில் குறி தவறும். எறிய எறிய, கை தானாகவே பழகிக் குறியைச் சரியாக அடிக்கும். இப்போது கண்ணாடியைக் கழற்றினால்? மறுபக்கமாகக் குறி தவறும்! கண் சொன்ன பொய்க்கு ஏற்றபடி கை பழகிவிட்டதுதான் காரணம். இது விஞ்ஞானிகளுக்கு முன்பே தெரியும்.

ஹவுட் கேட்ட கேள்வி இதுதான்: "காது பொய் சொன்னால் வாயும் அப்படிப் பழகுமா?"

இதைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. நம் குரல் இரண்டு வழியாக நம் காதுக்குள் வருகிறது. ஒன்று காற்று வழி. இன்னொன்று மண்டை எலும்பு வழி. (பதிவு செய்த உங்கள் குரலைக் கேட்டு "ஐயே, இது நானா?" என்று முகம் சுளிப்பீர்களே! பதிவில் எலும்பு வழி வரும் குரல் இல்லை. அதுதான் காரணம்.) காற்று வழியை மாற்றினாலும் எலும்பு வழியே உண்மைக் குரல் வந்து காட்டிக்கொடுத்துவிடுமே?

ஹவுட் ஒரு யோசனை செய்தார். எல்லாரையும் கிசுகிசுப்பாகப் பேசச் சொன்னார்! கிசுகிசுக்கும்போது குரல் நாண்கள் அதிர்வதில்லை. அதனால் எலும்பு வழியாக வரும் ஒலியும் மிகக் குறைவு. பிரச்னை தீர்ந்தது.

சோதனைக்கு 8 பேர் வந்தார்கள். "பெப்" போன்ற சின்னச் சின்னச் சொற்களைக் கிசுகிசுக்க வேண்டும். அதை மைக் வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும். கணினி அதிலுள்ள "எ" ஒலியைக் கண் இமைக்கும் நேரத்தில் மாற்றி, காதில் மாட்டிய கருவிக்கு அனுப்பும். வாய் சொல்வது "பெப்"; காதில் கேட்பதோ "பிப்" பக்கம் சாய்ந்த ஒலி. இந்த மாற்றத்தை ஒரேயடியாகச் செய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார் ஹவுட்.

என்ன நடந்தது தெரியுமா? அவர்களுடைய வாய் மெல்ல மெல்ல வேறு மாதிரி அசையத் தொடங்கியது! "எ" சொல்வதற்குப் பதிலாக "ஆ" பக்கம் நகர்ந்தது. ஏன்? அப்படிச் சொன்னால்தான் கணினி மாற்றிய பிறகும் காதில் சரியான "பெப்" கேட்கும்!

பிறகு இரைச்சலைப் போட்டு அவர்கள் காதை மறைத்தார். தங்கள் குரல் கேட்காதபோதும் வாய் புதிய மாதிரியே பேசியது. பயிற்சியில் வராத வேறு சொற்களிலும் அந்த மாற்றம் தெரிந்தது. மூளை புதிய வழியைப் பாடமாகவே கற்றுக்கொண்டுவிட்டது!

1998-ம் ஆண்டு பிப்ரவரியில் "சயின்ஸ்" என்ற புகழ்பெற்ற அறிவியல் இதழில் இந்த ஆய்வு வெளியானது. ஒரு மாணவரின் தந்திரத்தைப் பின்பற்றி, பிறகு உலகின் பல இடங்களில் இதுபோன்ற சோதனைகள் நடந்தன.

மூளையின் முன்கணக்கு

ஹவுட் அதோடு நிற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஆய்வைத் தொடர்ந்தார். மூளையிலிருந்து எழும் மிக மெல்லிய காந்தப் புலத்தை அளக்கும் கருவியைக் கொண்டு, 2002-ம் ஆண்டு அவரும் நண்பர்களும் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள்.

ஒருவர் பேசும்போது, ஒலியைக் கேட்கும் மூளைப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார்கள். பிறகு அதே குரலைப் பதிவிலிருந்து கேட்க வைத்து அளந்தார்கள். பேசும்போதுதான் அந்தப் பகுதி அடங்கி இருந்தது!

காரணம், பேசுவதற்கு முன்பே மூளை "இப்போது இப்படிப்பட்ட ஒலி வரப்போகிறது" என்று கணக்குப் போட்டு வைக்கிறது. வந்த ஒலி கணக்கோடு ஒத்துப்போனால் கண்டுகொள்வதில்லை. ஒத்துப்போகாவிட்டால் திருத்துகிறது. உங்களை நீங்களே கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வருவதில்லையே, அதுபோல!

12, 13 வயதுப் பையன்களா நீங்கள்? உங்களுக்குள்ளேயே இந்தச் சோதனை நடக்கும். இந்த வயதை ஒட்டிக் குரல்வளை வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. மூளையிடம் இருப்பதோ பழைய கணக்கு. அதனால்தான் பேசிக்கொண்டே இருக்கும்போது குரல் திடீரென்று கீச்சிடுகிறது. பெரியவர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மூளை புதுக் குரலுக்குப் புதுக் கணக்கு எழுதுகிறது, அவ்வளவுதான்.

கணக்குத் தப்பினால்...

பார்க்கின்சன் என்று ஒரு நோய். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும். கை நடுங்கும், நடை தளரும். குரலும் சன்னமாகிவிடும். "தாத்தா, சத்தமாப் பேசுங்க" என்றால், "சத்தமாத்தானே பேசறேன்! உனக்குத்தான் காது கேட்கலை" என்பார். அவர் வீம்புக்காக அப்படிச் சொல்லவில்லை. தன் குரலின் அளவை அவருடைய மூளை தப்பாகக் கணக்கிடுகிறது. அவருக்கு உண்மையிலேயே அது போதுமான சத்தமாகத்தான் தோன்றும்.

அமெரிக்காவில் லீ சில்வர்மேன் என்ற பெண்மணிக்கு இந்த நோய் இருந்தது. அவர் பேசுவது தங்களுக்குக் கேட்டால் போதும் என்று ஏங்கினார்கள் குடும்பத்தினர். லோரெய்ன் ராமிக் என்ற பேச்சு நிபுணரும் குழுவினரும் 1987-ம் ஆண்டு ஒரு பயிற்சியை உருவாக்கி, அதற்கு அந்தப் பெண்மணியின் பெயரையே வைத்தார்கள். "நீங்கள் கத்துவதுபோல உங்களுக்குத் தோன்றும் அளவுக்குப் பேசுங்கள். அதுதான் சரியான அளவு" என்று பழக்கும் பயிற்சி அது. இன்றும் பல நாடுகளில் நடக்கிறது.

இன்னொரு கோளாறு இருக்கிறது. குரல் நாண்களைப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் பேசத் தொடங்கினால் அவை தாமாக இறுகிக்கொள்ளும். கழுத்தை யாரோ நெரிப்பதுபோல வார்த்தைகள் அறுந்து அறுந்து வரும். வேடிக்கை என்னவென்றால், அவர்களில் பலருக்குச் சிரிக்கும்போதும் கிசுகிசுக்கும்போதும் இந்தத் தொல்லை குறைந்துவிடும். அதனாலேயே "எல்லாம் மனப்பிரமை" என்று நெடுங்காலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தசைகளுக்கு மூளை அனுப்பும் கட்டளையில் வரும் பிழை இது என்று பிறகு தெரிந்தது. இறுகும் தசையைத் தளர்த்த ஊசி மருந்து போடும் முறை 1980-களில் வந்தது.

உங்கள் வயதில் அதிகம் வருவது வேறு. விளையாட்டில் தொண்டை கிழியக் கத்துகிறீர்கள் அல்லவா? கத்தும்போது குரல் நாண்கள் பலமாக மோதிக்கொள்கின்றன. மண்வெட்டி பிடித்த கை காய்த்துப் போவதுபோல அவற்றிலும் சின்ன முடிச்சுகள் விழலாம். குரல் கரகரக்கும். மூன்று, நான்கு வாரம் ஆகியும் கரகரப்பு போகாவிட்டால் அம்மா அப்பாவிடம் சொல்லி, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கத்துவதைக் குறைத்து, சரியாகக் குரல் கொடுக்கப் பழகினாலே பெரும்பாலும் குணமாகிவிடும்.

அந்தப் பையன் நடிக்கிறானா?

இப்போது கடைசி பெஞ்சுக்கு வருவோம்.

திக்குகிற பலருக்கும் மற்றவர்களோடு சேர்ந்து சொல்லும்போது திக்கல் போய்விடும். பாடும்போதும் போய்விடும். இன்னும் ஆச்சரியம்: பெர்னார்ட் லீ செய்ததுபோல் குரலைத் தாமதமாகக் கேட்க வைத்தால், சரளமாகப் பேசுகிறவர் தடுமாறுகிறார்; திக்குகிறவர்களில் பலர் சரளமாகப் பேசுகிறார்கள்! காதுக்கு வரும் ஒலி மாறினால் வாயின் வேலையும் மாறுகிறது. ஆனால், ஏன் இப்படி நடக்கிறது என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் இன்னும் முழுமையான விடை காணவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். அவன் நடிக்கவில்லை. சேர்ந்து சொல்லும்போது வருவதும், தனியாகச் சொல்லும்போது திக்குவதும், இரண்டுமே உண்மை. பேச்சுக்கான மூளைப் பாதைகளின் வேலையில் இருக்கும் வேறுபாடு அது. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் பெரும்பாலும் தொடங்கும். பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். சிலருக்குத் தொடரும். உலகில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்குத் திக்கல் இருக்கிறது. புத்திக் குறைவோ, பயந்த சுபாவமோ, அம்மா அப்பாவின் வளர்ப்போ இதற்குக் காரணம் இல்லை. ஆனால், பார்க்கிறவர்கள் சிரித்தால் பதற்றம் கூடும், திக்கலும் கூடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். சொல்ல வருவதை முந்திக்கொண்டு நீங்கள் சொல்லாதீர்கள்.

* "மெதுவாப் பேசு", "மூச்சை இழுத்து விடு" என்றெல்லாம் அறிவுரை வேண்டாம். எவ்வளவு முயற்சி செய்கிறான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

* எப்படிச் சொல்கிறான் என்று பார்க்காமல், என்ன சொல்கிறான் என்று கேளுங்கள்.

* பட்டப்பெயர் வைக்காதீர்கள். யாராவது வைத்தால் சேர்ந்து சிரிக்காதீர்கள்.

* திக்குவது நீங்களாக இருந்தால், பேச்சுப் பயிற்சி தரும் நிபுணர்கள் இருக்கிறார்கள் என்பதை வீட்டில் சொல்லுங்கள். கையை உயர்த்துவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 22-ம் தேதி உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாள். ஏப்ரல் 16-ம் தேதி உலகக் குரல் நாள். இரண்டு நாட்களிலும் இறை வணக்கக் கூட்டத்தில் இதைப் பற்றி நாலு வார்த்தை பேசலாமே!

இந்த ஆராய்ச்சியில் உங்களுக்கும் ஆசை வருகிறதா? அறிவியல் பாடங்களை நன்றாகப் படியுங்கள். பேச்சு, கேட்புத் திறன் பற்றிக் கல்லூரியில் பட்டப் படிப்பே இருக்கிறது. நம் நாட்டில் இதற்காகவே 1965-ம் ஆண்டு மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்புத் திறன் கழகம் தொடங்கப்பட்டது. சேர்ந்து சொன்னால் ஏன் திக்குவதில்லை என்ற கேள்வி இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு விடை சொல்லப்போவது யார்? கடைசி பெஞ்சில் இருக்கும் அந்தப் பையனாகக்கூட இருக்கலாம்.

நாளைக்கு அவனை ஆசிரியர் மறுபடியும் எழுப்பி மூணாம் வாய்ப்பாடு கேட்பார். "ஓ... ஓ..." என்பான். நீங்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்காமல் காத்திருங்கள். கொஞ்சம் நேரம் ஆகும். ஆனால் சொல்லி முடித்துவிடுவான்!